ஜெஞ்சாரோம் அடுப்படிகளில் பதிலீட்டியல்: ஒரு முன்னாய்வு

கேக்குக்கு வேண்டிய பொருள் வீட்டில் இல்லாதபோது இருப்பதைப் போட்டு ஒப்பேற்றுவதைப் பாமரர் ‘சமாளிப்பு’ என்பர். ஆய்வுக் கட்டுரைக்கு அது போதாது, ஆகவே பதிலீட்டியல். களம், கோலலங்காட் மாவட்டத்து ஜெஞ்சாரோம். காலம், தீபாவளிக்கு முந்திய மாதம். பலகார ஆர்டர் எடுத்த வீடுகளில் ஓவன் அணையாத பருவம் அது.

இத்துறை முன்னோடிகள் யாவரும் வெண்ணெய் அசல், மார்ஜரின் நகல் என்றே தொடங்குகிறார்கள். இதை நாம் வன்மையாக மறுக்கிறோம். மூன்றாம் நெப்போலியன் அறிவித்த பரிசுக்காக 1869இல் மேஜ்-மூரியே என்ற பிரெஞ்சுக்காரர் செய்த முதல் மார்ஜரின், மாட்டுக் கொழுப்பில் ஆனது. அப்படியே இருந்திருந்தால் நம் தீபாவளித் தட்டை அது எட்டிப் பார்த்திருக்காது. பிற்பாடு அந்தக் கொழுப்பின் இடத்தைத் தாவர எண்ணெய் பிடித்தது. ஆக, பதிலிக்கே ஒரு பதிலி. 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் ஹென்ரி ஃபோக்கோனியே செம்பனையை வணிகப் பயிராக நட்டார். பின்னாளில் பால்மரம் நின்ற தோட்டம் தோட்டமாகச் செம்பனை ஏறியது. இன்று ஜெஞ்சாரோமிலிருந்து கேரித் தீவுப் பக்கம் போனால் அதே மரம்தான். வெண்ணெயோ ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் கப்பலேறி வருகிறது. வாசலில் காய்ப்பது நகலாம், கடல் தாண்டி வருவது அசலாம்!

வேதியியலும் நம் பக்கமே. வெண்ணெயில் கொழுப்பு ஏறத்தாழ 80 விழுக்காடு, மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். கேக்குக்கான மார்ஜரினும் அதே கணக்கு என்பதால் எடைக்கு எடை போடலாம். நெய் அப்படியல்ல, அதில் தண்ணீர் கிடையாது. 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் நெய்யும் ஒரு மேசைக்கரண்டிப் பாலும் என்றால் சரிவரும். பிஸ்கட்டுக்கு அந்தப் பாலும் வேண்டாம். தண்ணீர் குறைந்தால் மாவில் பசை பிடிக்காது, வாயில் போட்டதும் உதிரும். கேக்கில்தான் நெய் காலை வாரும். கெட்டியான கொழுப்பைச் சீனியோடு அடிக்கும்போது காற்று உள்ளே சிக்குகிறது. உருகிய நெய்யை எவ்வளவு அடித்தாலும் கைதான் வலிக்கும்.

முட்டை தனி அதிகாரம். விரத வீட்டில் ஒரு முட்டைக்குக் கால் கப் தயிர் என்பது ஒரு மரபு. மசித்த ரஸ்தாளி என்பது இன்னொன்று. வாழைப்பழம் ஈரம் தரும், உப்ப வைக்காது. தவிர, எந்தக் கேக்கையும் வாழைப்பழக் கேக்காக்கிவிடும். பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர், முட்டை ஒவ்வாத மனைவிக்காக 1837இல் முட்டையில்லாக் கஸ்டர்ட் மாவைச் செய்தார். ஈஸ்டும் ஒவ்வாததால் 1843இல் பேக்கிங் பவுடரும் வந்தது. மனைவிக்காகத் தாஜ்மகால் கட்டியவரை மட்டும் பேசும் வரலாறு இவரைக் கண்டுகொள்ளவில்லை. 2022 இறுதியில் மலேசியாவில் முட்டைத் தட்டுப்பாடு வந்தபோது நாமக்கல் முட்டையே கடல் கடந்து வந்தது. முட்டைக்குப் பதில் முட்டை: இத்துறையின் ஆகச் சுருக்கமான சூத்திரம்.

சோடா பற்றி எச்சரிக்கை மட்டும். பேக்கிங் பவுடருக்குப் பதில் சமையல் சோடா போடுவோர் அளவை மூன்றில் ஒரு பங்காக்கி, தயிரோ எலுமிச்சைச் சாறோ சேர்க்க வேண்டும். இல்லையேல் கேக்கில் சவர்க்கார வாடை வரும்.

களப்பணியில் ஒரு சிக்கல் உண்டு. தகவலாளிகள் உண்மை பேசுவதில்லை. ஓவன் பக்கத்தில் மார்ஜரின் டப்பா திறந்தே கிடக்க, “அக்கா, பட்டரா போட்டீங்க?” என்று கேட்டால், “பின்ன? சாப்பிட்டுப் பாரு லா!” என்ற பதிலோடு டப்பா மூடப்படுகிறது.