ஸ்க்ரூ முடுக்க ஆள் தேவை

ஐபோனுக்குள் குட்டிக் குட்டி ஸ்க்ரூ முடுக்கும் லட்சோப லட்சம் பேரின் வேலை இனி அமெரிக்காவுக்கே வரும் என்று 2025 ஏப்ரலில் அந்நாட்டு வர்த்தகச் செயலர் ஹோவர்ட் லட்னிக் தொலைக்காட்சியில் அறிவித்தார். ஆட்கள் இருக்கட்டும், முதலில் ஸ்க்ரூவுக்கு எங்கே போவது? 2013இல் ஆப்பிள் தன் மேக் ப்ரோ கணினியை டெக்சாஸின் ஆஸ்டினில் தயாரிக்க முனைந்தபோது, அதற்கான ஒரு ஸ்க்ரூவை உள்ளூர்ப் பட்டறையால் நாளுக்கு ஆயிரத்துக்கு மேல் கடைந்து தர முடியவில்லை. கடைசியில் ஸ்க்ரூ சீனாவிலிருந்து வந்தது.

அமெரிக்காவின் ஆலை வேலையைத் தின்றது சீனா அல்ல, இயந்திரம் என்பார்கள். பாதி நியாயம்தான். ஆனால் 1979க்கும் 2000க்கும் இடையே, இயந்திரங்கள் பெருகிய காலத்திலேயே, அமெரிக்கத் தொழிற்சாலைகள் இழந்த வேலைகள் சுமார் 20 லட்சம். சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது 2001இல். 2000இலிருந்து 2010க்குள் போனவை 50 லட்சத்துக்கும் மேல். இயந்திரத்துக்குத் திடீரென அவ்வளவு பசியா? லட்னிக்கோ, வரப்போகும் அந்த வேலையை இயந்திரமே பார்க்கும் என்றும் அதே மூச்சில் சொல்லிவிட்டார்.

சரி, இறக்குமதிக்கு வரி போட்டால் ஆலை திரும்பாதா? திரும்புகிறது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம். இந்தியாவில் ஆலை கட்டுவது தமக்குப் பிடிக்கவில்லை என்று 2025 மே மாதமே ஆப்பிளின் டிம் குக்கிடம் அமெரிக்க அதிபர் டிரம்ப் குறைப்பட்டுக்கொண்டார். அமெரிக்கர்களிடம் கேட்டோ என்ற ஆய்வு நிறுவனம் 2024இல் எடுத்த கருத்துக்கணிப்பில், ஆலை வேலைக்கு நிறையப் பேர் போனால் நாடு உருப்படும் என்றவர்கள் 80 சதவீதம். தாமே போனால் தமக்கு நல்லது என்றவர்கள் 25. மீதிப் பேர் பக்கத்து வீட்டுக்காரரைச் சிபாரிசு செய்கிறார்கள்.