ஓவியருக்கு அடங்காத மாடல்கள்

கேள்வி: நாயிடமும் குதிரையிடமும் ‘அசையாமல் நில்’ என்று சொல்ல முடியாதே, ஓவியர்கள் எப்படித்தான் வரைகிறார்கள்?

பதில்: இங்கே ஓவியர்தான் மாடலின் சொல்பேச்சைக் கேட்க வேண்டும்!

ஓவியர் டேவிட் ஹாக்னி 1995-இல் தன் நாய்கள் ஸ்டான்லி, பூட்ஜி இரண்டையும் வரைந்தார். சின்னச் சத்தம் கேட்டாலே எழுந்துவிடுவார்கள் இந்த மாடல்கள். வேகம்தான் ஒரே வழி.

18-ஆம் நூற்றாண்டின் குதிரை ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் பட்ட பாடு இன்னும் பெரிது. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஒரு பண்ணைவீட்டில் சுமார் 18 மாதங்கள், இறந்த குதிரைகளைக் கொக்கியில் தொங்கவிட்டு, தோலை உரித்து, நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு ஒவ்வொரு தசையாக வரைந்தார். அந்த ஓவியங்களை அச்சிடத் தகடு செதுக்கத் தகுந்த ஆள் கிடைக்காமல் அதையும் அவரே செய்தார். 1766-இல் அவை புத்தகமாக வந்தன.

லண்டன் நேஷனல் கேலரிக்குப் போனால் அவரது ‘விசில்ஜாக்கெட்’ என்ற குதிரை ஓவியத்தின் முன் நின்று, தோலுக்கடியில் புடைத்திருக்கும் ரத்த நாளங்களைக் கிட்டத்தில் பாருங்கள்.