சாவுக்கும் முகவரி வேண்டும்

கேள்வி: கொரோனா காலத்தில் முதியோர் இல்லங்களில் இறந்தவர்களை அரசாங்கங்கள் ஒழுங்காகக் கணக்கில் எடுத்தனவா?
– வாசகர், கரமனை, திருவனந்தபுரம்

பதில்: எடுத்தார்கள், ஆற அமர! பிரிட்டனில் 2020 ஏப்ரல் 29 வரை, அரசு தினமும் அறிவித்த எண்ணிக்கையில் இடம்பிடிக்க ஆஸ்பத்திரியில்தான் சாக வேண்டும். முதியோர் இல்லக் கட்டிலில் போனவர் ஏதோ சொந்த வேலையாகப் போனவர் மாதிரி. பெல்ஜியமோ கொரோனா என்று சந்தேகித்த மரணங்களையும் சேர்த்து எண்ணி, மக்கள்தொகை விகிதப்படியான இறப்புப் பட்டியலின் உச்சியில் நின்று திட்டு வாங்கியது. நாணயத்துக்கு அபராதம்!

உங்கள் ஊருக்கு வருகிறேன். முதியவர்களை 'ரிவர்ஸ் குவாரன்டைன்' என்று தனியே வைத்துக் காத்தது கேரளம். அதற்கு ஒரு சபாஷ். ஆனால் இறந்தபின்? கோப்பு திருவனந்தபுரம் வந்து, மாநிலக் குழு 'இது கொரோனாதான்' என்று தலையாட்ட வேண்டும். சோதனையில் 'நெகடிவ்' ஆனபிறகு இறந்தால் சேர்த்தி இல்லை. கிருமி போனது, ஆளும் போனார், இரண்டுக்கும் சம்பந்தமில்லையாம்!

2021 ஜூனில் அந்தத் தலையாட்டும் வேலை மாவட்டங்களுக்குப் போனது. உச்ச நீதிமன்றம் குட்டிய பிறகு, தொற்று உறுதியான 30 நாளுக்குள் இறந்தால், ஆஸ்பத்திரியோ வீடோ, கொரோனா மரணம்தான். குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்றானது. விடுபட்டவர்கள் ஆயிரக்கணக்கில் பட்டியலுக்குத் திரும்பினார்கள். கேரளத்தின் கணக்கு 70,000-ஐத் தாண்டியது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம்.