பூஜ்ஜியமாவது மாதம்

ஜாவா மொழியின் முதல் பதிப்பு வெளிவந்தது 1996 ஜனவரியில். அதாவது, ஜாவாவின் கணக்குப்படி, 96ஆம் ஆண்டு, பூஜ்ஜியமாவது மாதம்.

கிண்டல் இல்லை. அதிலிருந்த டேட் என்ற கிளாஸ் அப்படித்தான் பேசியது. ஆண்டை 1900இலிருந்து எண்ணும், மாதத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும், தேதியை மட்டும் மனுஷர்களைப் போல ஒன்றிலிருந்து எண்ணும். உலகத்தில் உள்ளதையெல்லாம் ஆப்ஜெக்ட் ஆக்குவோம், உள்விவகாரம் வெளியே தெரியாமல் மூடிவைப்போம் என்று முழங்கிக்கொண்டு வந்த மொழி, தினசரிக் காலண்டரில் தடுக்கி விழுந்தது.

வினை சி மொழியிலிருந்து வந்தது. அங்கே இதற்கொரு நியாயம் இருந்தது. மாதப் பெயர்களை ஓர் அர்ரேயில் அடுக்கி, மாத எண்ணை அப்படியே அதில் செருகினால் பெயர் வந்து விழும். அர்ரே பூஜ்ஜியத்தில் தொடங்குவதால் மாதமும் அங்கேயே தொடங்கியது. தேதிகளுக்குப் பெயர் கிடையாதே, அதனால் அவை ஒன்றிலிருந்து. சிக்கனக்காரன் கணக்கு, குறை சொல்ல முடியாது. ஜாவாவின் தந்தை ஜேம்ஸ் காஸ்லிங்கும் கூட்டாளிகளும் நியாயத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் தூக்கிவந்தார்கள். வினாடிகூட 0 முதல் 61 வரை போகலாமாம். ஒரே நிமிஷத்தில் இரண்டு லீப் வினாடி வருவது மிகமிக அரிது என்று ஆவணத்தில் அவர்களே ஒப்புக்கொண்டு, ஆனாலும் சி மொழியின் வழக்கம் இது என்று விட்டுவிட்டார்கள். மாமியார் வீட்டுச் சம்பிரதாயத்தைக்கூட யாரும் இத்தனை பக்தியோடு காத்ததில்லை.

தொற்று பக்கத்து வீட்டுக்கும் பரவியது. 1995இல் பத்தே நாளில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்ட்டைச் செய்தபோது, தேதி விஷயம் ஜாவாவைப் பார்த்து அப்படியே இறக்கப்பட்டது. கிடைத்த ஆண்டுக்கு முன்னால் 19 என்று ஒட்டிவைத்திருந்த வலைப்பக்கங்கள், 2000 பிறந்ததும் கூச்சமில்லாமல் 19100 என்று அறிவித்தன.

1997இல் ஜாவா 1.1 வந்தது, பரிகாரமாகக் காலண்டர் என்று இன்னொரு கிளாஸோடு. ஆண்டு சரியாகிவிட்டது. மாதம்? பூஜ்ஜியமேதான். போதாதென்று, சந்திர நாள்காட்டிகளுக்காக அன்டெசிம்பர் என்று பதின்மூன்றாவது மாதம் ஒன்று, எண் 12. டிசம்பர்தானே என்று நம்பி 12 கொடுத்தால் அது முறைக்காது, எரர் காட்டாது. சத்தமில்லாமல் அடுத்த ஆண்டு ஜனவரியில் கொண்டுபோய் இறக்கிவிடும். பிப்ரவரி 30 என்றாலும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு மார்ச்சில் சேர்க்கும். தாய்லாந்து லோக்கேல் வைத்த கம்ப்யூட்டரில் புத்த ஆண்டு காட்டும்: 2000க்கு 2543.

டேட்டாபேஸுக்கென்று அதே டேட் பெயரில் ஒரு வாரிசும் உண்டு. அப்பனிடம் மணி கேட்டால் சொல்வான். பிள்ளையிடம் கேட்டால் எக்ஸெப்ஷனைத் தூக்கி எறிவான். அப்பன் செய்வதையெல்லாம் பிள்ளையும் செய்யவேண்டும் என்று இன்ஹெரிட்டன்ஸ் பாடம் நடத்தும் வாத்தியார்கள் இந்தக் குடும்பத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

கடைசியில் பொறுமை இழந்தவர் ஸ்டீபன் கோல்போர்ன். 2002 வாக்கில் ஜோடா டைம் என்று தனி லைப்ரரி எழுதினார். உலகமே அதற்கு மாறிய பிறகு, 2007இல் அதிகாரபூர்வ வேலை தொடங்கி, 2014 மார்ச் 18 அன்று ஜாவா 8இல் லோக்கல்டேட் என்ற கிளாஸ் வந்து சேர்ந்தது. அதில் ஜனவரி 1, டிசம்பர் 12. ஒரு குழந்தைக்குத் தெரிந்த இந்த உண்மையை எட்ட ஜாவாவுக்குப் பதினெட்டு ஆண்டு. அதே 2014, 3, 18 என்ற மூன்று எண்களைப் பழைய டேட்டிடம் கொடுத்தால் 3914 ஏப்ரல் 18 என்று சொல்லும்.

இப்படி மூன்று எண்களை வாங்கும் அந்தப் பழைய கன்ஸ்ட்ரக்டரை 1997இலேயே 'வேண்டாம்' என்று முத்திரை குத்தினார்கள், ஆனால் இன்னும் நீக்கவில்லை. கம்பைலர் லேசாக முனகிவிட்டு ஓடவிட்டுவிடும். எனவே, புதிதாக எழுதும்போது லோக்கல்டேட்டை எடுங்கள். கூடவே, உங்கள் ஃபார்மேட்டில் ஆண்டுக்குப் பெரிய எழுத்து ஒய் நாலு போட்டிருக்கிறீர்களா என்று டிசம்பர் கடைசி வாரத்துக்கு முன் பாருங்கள். அது வாரக் கணக்கு ஆண்டு; 2019 டிசம்பர் 31ஐ 2020 டிசம்பர் 31 என்று அச்சடிக்கும்.