ஆடி மாத மொய்

கால்நடை மருத்துவமனையில் சிக்கனக்காரரை அடையாளம் காண்பது எளிது. லாப்ரடார்க்காரர்கள் ஒருவர் நாயின் வம்சத்தை மற்றவர் விசாரித்தபடி விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்திருப்பார்கள். பெர்ஷியன் பூனைக்காரர்கள் கண்ணாடிக் குமிழ் வைத்த முதுகுப்பையை மடியில் ஏந்தியிருப்பார்கள். இவர் மட்டும் சுவரோரமாக, காய்கறிக் கூடையைத் துண்டால் மூடிக் கட்டிக் காலடியில் வைத்துக்கொண்டு, எதிரே ஒட்டியிருக்கும் வெறிநோய் எச்சரிக்கையை வரி விடாமல் படித்துக்கொண்டிருப்பார்.

"பூனையா சார்?"

"பக்கத்து வீட்டுது. அவங்க ஊருக்குப் போயிருக்காங்க. பாவமேன்னு தூக்கிட்டு வந்தேன்."

அவர் குரல் கேட்டதும் கூடைக்குள்ளிருந்து வெகு உரிமையோடு ஒரு 'மியாவ்' வரும்.

இந்த இனத்தவர் எல்லா ஊரிலும் உண்டு. பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். ஆசிரியர், வங்கி, மின்வாரியம் என்று பல கிளைகள் இருந்தாலும், இனத்தின் குணங்கள் முழுமையாகத் திரண்டிருப்பது கருவூலத்துறைக் கிளையில்தான். எனக்குத் தெரிந்த நங்கநல்லூர் சார் அந்தக் கிளையைச் சேர்ந்தவர். வேலையில் இருந்த காலமெல்லாம் பிறர் அனுப்பிய பட்டியல்களில் குற்றம் கண்டுபிடித்தவர். ரெவின்யூ ஸ்டாம்பைத் தொடாமல் கையெழுத்து விலகி ஓடியிருந்தால் போதும், ஆட்சேபணைக் குறிப்போடு திருப்பி அனுப்பிவிடுவார். ஓய்வுக்குப் பிறகு அந்தத் திறமை முழுவதும் வீட்டின்மேல் இறங்கியது. இரவு டைரியில் வரவு செலவு எழுதாமல் படுக்க மாட்டார். கொசுறாக வந்த கறிவேப்பிலைக்குக்கூட 'விலையில்லை' என்று ஒரு பதிவு இருக்கும்.

தன் உடம்பென்றாலும் சலுகை கிடையாது. கடைவாய்ப்பல் வலித்தபோது பல் டாக்டர் வேர் சிகிச்சைக்கு ஏழாயிரம் என்றார். "பிடுங்கினா எவ்வளவு?" என்று கேட்டார் சார். ஐநூறு. பல் போயிற்று. முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னதற்கு, "அறுபத்தெட்டு வயசு முழங்கால் உள்ளே எப்படி இருக்கும்னு எனக்கே தெரியும்" என்று எழுந்து வந்துவிட்டார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டு மோட்டார் அறையில் ஓர் ஐப்பசி மழைக்கு ஒதுங்கிய குட்டி, மழை விட்ட பிறகும் கிளம்பவில்லை. "பேர் கீர் வைக்காதே, அப்புறம் ஒட்டிக்கும்" என்று மனைவிக்கு உத்தரவு போட்டார். முதல்முறை மருத்துவமனைக்குப் போனபோது பதிவு செய்யும் பெண் "பேஷண்ட் பேர்?" என்று கேட்டாள். "பூனைன்னே போடும்மா" என்பார் என்று மனைவி எதிர்பார்த்தார். "ராஜப்பா" என்றார் சார், கொஞ்சமும் யோசிக்காமல். மொட்டைமாடியில் இருவரும் தனித்திருக்கும் நேரங்களில் பல நாளாகப் புழங்கி வந்த பெயர் அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. அந்தப் பெண் உரிமையாளரின் முதலெழுத்தையும் சேர்த்துவிட்டாள். ஏட்டில் இன்றுவரை அது எஸ். ராஜப்பா.

ஆரம்பத்தில் வேப்பேரிக்குத்தான் போனார். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, அரசு நிறுவனம், கட்டணம் சொற்பம். ஆனால் நங்கநல்லூரிலிருந்து போய்வர ஆட்டோவுக்கு ஆகிற தொகை சொற்பமல்ல. சிக்கனத்துக்காக ஒருநாள் பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறினார். கிண்டி வருவதற்குள் ராஜப்பா பாடிய பாட்டில் பெட்டி பாதி காலியாயிற்று. மலிவான வைத்தியத்துக்குப் போகும் வழிச்செலவு, உள்ளூர்த் தனியார் வைத்தியத்தை எட்டிப் பிடித்ததால் பக்கத்திலேயே ஒரு கிளினிக்குக்கு மாறினார்.

பான்லூக்கோபீனியாவுக்கு ஊசி, வெறிநோய்க்கு ஊசி. ஊசி போட்ட அன்று ராஜப்பா அவர் மணிக்கட்டைக் கீறிவிட்டது. சாருக்கான வெறிநோய் ஊசியை அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் இலவசம் அவருக்கு இனிக்கவில்லை. "எனக்குச் சும்மா போடுறவங்க அதுக்கும் போட்டா என்னவாம்?" என்று அங்கிருந்த நர்ஸிடம் கேட்டிருக்கிறார்.

இந்தச் செலவெல்லாம் டைரியில் எப்படி ஏறியது என்பதில்தான் கருவூலத்துறையின் கைவண்ணம் தெரிந்தது. ஊசிகள் 'எறும்பு மருந்து' ஆயின. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் 'ஜன்னல் வலை' ஆயிற்று. காதுப்பூச்சிக்கான சொட்டு மருந்து 'சைக்கிள் பஞ்சர்'. சைக்கிளைப் பேப்பர்காரருக்கு விற்று வெகு காலமாகிறது. ஒவ்வொரு செலவையும் அதற்குரிய கணக்குத் தலைப்பில் எழுது என்று ஊருக்கெல்லாம் உபதேசித்தவர், ராஜப்பாவுக்கு மட்டும் ஒரு தலைப்பு ஒதுக்கவே இல்லை. காரணம் எளிது. தலைப்பு இருந்தால் கூட்டுத்தொகை வரும். கூட்டுத்தொகை வந்தால் அவரே அதன்மேல் ஆட்சேபணை எழுத வேண்டியிருக்கும்.

பெரிய சோதனை ஆடி வெள்ளியன்று வந்தது. பூக்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு வாதாடி, இரண்டு முழம் மல்லிகை வாங்கி வந்தார். மறுநாள் வாடின சரத்தைச் சாமி படத்திலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார்கள். ராஜப்பா அதை விளையாட்டாக மெல்லத் தொடங்கி, நூலை விழுங்கிவிட்டது. பூனை நாக்கில் இருக்கும் முட்கள் தொண்டையைப் பார்த்தே சாய்ந்திருக்கும். வாயில் ஏறிய நூலைத் துப்ப நினைத்தாலும் அது உள்ளேதான் நகரும். ஒரு நுனி எங்கேயாவது மாட்டிக்கொள்ள, மறுநுனி குடலுக்குள் போனால், குடல் சுருக்குப்பையின் வாய் மாதிரி சுருங்கிவிடும். நுனி வெளியே தெரிகிறதே என்று இழுத்தால் குடலையே அறுக்கும். நூல் எக்ஸ்ரேயிலும் தெரியாது. இரண்டு நாள் வாந்தி, பட்டினி. ஸ்கேன் பார்த்துவிட்டு, வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"டாக்டர், அதோட எடை மூணே முக்கால் கிலோதான். மயக்க மருந்து எவ்வளவு செலவாகிடும்?"

"மருந்து கொஞ்சம்தான் சார். ஆனா மெஷினுக்கு எடை தெரியாது. எங்கே வலிக்குதுன்னு இதுவும் வாயைத் திறந்து சொல்லாது. ரத்தமும் ஸ்கேனும்தான் சொல்லணும்."

உத்தேச மதிப்பீட்டுத் தாள் வந்தது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மயக்க மருந்து, அறுவை, தையல், டிரிப்ஸ், வார்டு, கழுத்துக்குப் பிளாஸ்டிக் கூம்பு. ஓய்வூதியர் காப்பீட்டில் மனைவி வருவார், ராஜப்பா வராது. சார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பேரம் பேசப்போகிறார் என்று மனைவி தலையைக் குனிந்துகொண்டார். மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் பார்த்து வந்த பேனா ஓர் இடத்தில் நின்றது.

"டிரிப்ஸ் ரெண்டு நாளைக்குத்தான் போட்டிருக்கீங்க. மூணு நாளாப் போட்டுக்குங்க. மதிப்பீட்டைக் குறைச்சுக் காட்டக் கூடாது."

அவர் கை தொட்டு ஒரு பட்டியலின் தொகை ஏறியது அதுதான் முதல் தடவை. மொத்தம் 26,500 ரூபாய். "அவனுக்கு வலி தெரியாதில்ல டாக்டர்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்றிரவு டைரியில் ஏறியவை: மொய் 5,001. மொய் 10,001. மொய் 11,001. கல்யாணத்துக்குப் போய்வந்த பஸ் செலவு 497. கூட்டிப் பாருங்கள், ஒரு ரூபாய் பிசகாது.

மறுநாள் மனைவி படித்துவிட்டுக் கேட்டார். "ஏங்க, ஆடி மாசத்துல ஒரே நாள்ல மூணு கல்யாணமா?"

"ரிஜிஸ்டர் கல்யாணம்" என்றார் சார்.

அந்த அம்மா மேற்கொண்டு துருவவில்லை. துருவினால் 'கீரைக்காரி பாக்கி' என்று தான் வாராவாரம் வாங்கும் பணத்தின் கதை வெளியே வரும். அது சைவக் குடும்பம். புழக்கடைக் கதவுக்கு வெளியே நெத்திலி மீனை வைத்துவிட்டுப் போகிறவருக்கும் கீரைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெங்களூரில் இருக்கும் மகளோ, ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்த டின் உணவை மாதாமாதம் அனுப்புகிறாள். "ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீப்பா" என்கிறாள். அப்படி ஒரு சலுகை அந்தக் கம்பெனிக்காரனுக்கே தெரியாது. ஆக ராஜப்பாவுக்கு அந்த வீட்டில் மூன்று கணக்கு, மூன்றும் பொய். கூட்டிப் பார்க்க ஆளில்லாமல் இல்லை. கூட்டத் தெரிந்தவர்தான் கூட்டாமல் இருக்கிறார்.

சாரைப் பொய்யர் என்று நினைத்துவிட வேண்டாம். 1991-ஆம் வருஷத்து டைரியில் 'கூரை ஓடு மாற்ற' என்று மூன்று மாதம் தொடர்ந்து செலவு எழுதியிருக்கிறார். அப்போது அவர்கள் குடியிருந்தது மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில். அவருடைய தங்கை கணவருக்கு வேலை போயிருந்த சமயம் அது. இந்த இனத்தவர் பாசத்துக்குச் செலவு செய்வார்கள். பாசம் என்று எழுத மட்டும் கை வராது.

இப்போது அவர் தெருவுக்கே பூனை ஆலோசகர். "சளின்னு மனுஷ மாத்திரையைக் கொடுத்திடாதீங்க. பாரசிட்டமாலைச் செரிக்கிற என்சைம் அதோட ஈரல்ல போதாது, பாதி மாத்திரையே விஷம்" என்று மருந்துக்கடை வாசலில் ஆட்களை நிறுத்திச் சொல்கிறார். எல்லாம் பிறர் பூனைகளின் நன்மைக்காக. ஆனால் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவரிடமிருந்து உண்மை வராது. அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், குட்டி ஒன்று எடுக்கலாமா என்ற யோசனையில் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மாசம் என்ன சார் செலவாகும்?"

"செலவா? மிஞ்சின மோர்ச்சோறு போதும். அது பாட்டுக்கு வளரும். எங்க வீட்டுல பூனைன்னு ஒரு பைசா எழுதினதில்லை, வேணும்னா டைரியைக் காட்டறேன்."

டைரியைப் பார்த்துத் திருப்தியடைந்த தலைமையாசிரியர் குட்டியை எடுத்துக்கொண்டார். சிக்கனத்தில் அவர் சாருக்கே அண்ணன். இந்த மார்கழியில் மட்டும் இரண்டு கிரகப்பிரவேசத்துக்கு மொய் எழுதியிருக்கிறாராம்.