ரோஜாவுக்குச் சட்டை தைக்கிற தம்பிக்கு

வா தம்பி, உக்காரு. எட்மன்டனுக்குக் குடிவந்த கையோட ஹைபிரிட் டீ ரோஜாவா பார்த்து வாங்கி நட்டுட்டியாமே! நல்ல காரியம். கடைக்காரனும் பிள்ளைகுட்டிக்காரன், வருசம் தவறாம நீ போய் வாங்கினாத்தானே அவன் வீட்டு அடுப்பும் எரியும்.

அக்டோபர்ல அதுக்குச் சாக்குச் சுத்துவ, மேல தெர்மாகோல் தொப்பி கவுப்ப. இம்புட்டுப் பணிவிடை பெத்தவளுக்குச் செஞ்சியான்னு கேக்கமாட்டேன், அது குடும்ப விசயம். உள்ள எலி குடும்பம் நடத்தி, பட்டையைக் கொறிச்சுப் பசியாறும். அந்தப் புண்ணியமும் உனக்குத்தான். மே மாசம் அவுத்தா குச்சி கறுத்துக் கிடக்கும். அழாத. அடியிலிருந்து கொழுகொழுன்னு ஒரு துளிர் வரும். “பொழைச்சுக்கிச்சு”ன்னு தெருவெல்லாம் மிட்டாய் குடுப்ப. அது நீ வாங்கின ரோஜா இல்லப்பா. ஒட்டுக்கட்டின மேல்செடி போய்ச் சேர்ந்தாச்சு, எந்திரிச்சு வர்றது அடிச்செடி. பூத்தா வேற பூ; பூக்காம முள்ளா நின்னாலும் நிக்கும்.

இங்க குளிர் மைனஸ் 40 வரைக்கும் இறங்கும். செல்சியஸா ஃபாரன்ஹீட்டான்னு கேக்காத, அந்த இடத்துல ரெண்டும் ஒண்ணுதான்.

உன் கண்ணுக்குப் பிடிக்காத ரோஜாச் செடி ஒண்ணு இருக்கு, ருகோசான்னு பேரு. ஜப்பான், கொரியா, கம்சட்கா கடலோர மணல்ல தன்பாட்டுக்கு வளர்ற சாதி. இலை என் மூஞ்சி மாதிரி சுருங்கி இருக்கும், தண்டு பூரா ஊசிமுள்ளு. ஆனா இந்தச் சாதியில 1905-ல வந்த ‘ஹான்சா’ பூத்திருக்கும்போது பக்கத்துல போய் நின்னு பாரு. கத்தரிப்பூ நிறத்துக்கும் சிவப்புக்கும் நடுவுல ஒரு நிறம், இதழ் தாறுமாறா மடிஞ்சு கிடக்கும். ஆனா வாசம்! கிராம்பை இடிச்ச கையை முகர்ந்தாப்புல ஏறும். உன் கடை ரோஜாவை மூக்குல வெச்சு அழுத்தினாலும் காத்துதான் வரும்.

ஒட்டாவா அரசாங்கப் பண்ணையில ஃபெலிசிடாஸ் ஸ்வெய்டான்னு ஒரு அம்மா, இந்த ருகோசாவையும் வெச்சுக் குளிர் தாங்குற ரோஜாக்களை உண்டாக்கினாங்க. பேரு வெச்ச குசும்பைப் பாரு, எல்லாம் நாடு தேடி வந்தவங்க பேரு! 1974-ல வந்தது ‘யென்ஸ் முங்க்’. அந்த டென்மார்க் கப்பல்காரர் 1619-ல ஹட்சன் விரிகுடாப் பக்கம் குளிர்ல மாட்டி, கூட வந்த அறுபது பேருக்கு மேல பறிகொடுத்து, ரெண்டே பேரோட ஊர் திரும்பினவர். 1976-ல வந்தது ‘ஹென்றி ஹட்சன்’. அவரை 1611-ல சொந்த ஆளுங்களே படகுல இறக்கி விட்டுட்டுக் கப்பலைத் திருப்பிட்டாங்க. ஆளுங்க பெரும்பாலும் தாங்கல. செடி தாங்குது.

வாங்கும்போது சொந்த வேர்ச் செடியா கேட்டு வாங்கு. மேல கருகினாலும் அடியிலிருந்து அதே ரோஜாதான் வரும். ஜூலையோட உரத்தை நிறுத்திடு; அதுக்கு மேல போட்டா இளந்தளிர் விட்டு, முதல் உறைபனியிலேயே போயிடும். கடைசிப் பூவை வெட்டாத, காய் பிடிக்கட்டும். வேலை முடிஞ்சதுன்னு செடிக்கு அப்பத்தான் புரியும். பழுத்ததும் ஜாம் கிண்டு, உள்ள இருக்கிற ரோமத்தை மட்டும் சுரண்டிப் போட்டுடு, இல்லேன்னா தொண்டை அரிக்கும். பாதையில வாருற பனியை அடியில ஒதுக்கு. பனிக்குக் கீழ மண்ணு அவ்வளவா குளிராது. மருந்துப் பம்பைக் கொண்டுபோய்ப் பரண்ல போடு. ருகோசாவுக்கு மருந்தடிச்சா இலை கருகிக் கொட்டும். ஆமா, நீ ஒண்ணும் செய்யாம இருக்கணும். அதுதான் உனக்கு வராதே.

ஒரே ஒரு வம்பு, வேர் ஓடும். டென்மார்க் கடலோரத்துல பரவினதைப் பிடுங்கப் படாதபாடு படுறாங்க. உனக்கும் கொஞ்ச வருசத்துல பக்கத்து வீட்டுப் புல்தரையில முளைக்கும். அந்த வீட்டம்மா சண்டைக்கு வந்தா, மண்வெட்டியை நீட்டி, “அபூர்வ சாதி, உங்களுக்காகத்தான் விட்டு வெச்சேன்”னு சொல்லு. மூஞ்சியை மட்டும் சிரிக்காம வெச்சுக்க.