டாக்டர் ஓட்டிய வண்டி

பழைய கார் வியாபாரிகள் சொல்வதை நம்பினால், தமிழ்நாட்டில் டாக்டர்களைத் தவிர வேறு யாரும் கார் வாங்குவதே இல்லை. அதையும் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் ஓட்டுகிறார்கள்.

நான் பார்க்கப் போனது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245. 2020-இல் இந்தியாவுக்கு 200 வண்டிகள்தான் வந்தன. 245 குதிரைத்திறன். "டாக்டர் மேடம் வண்டி சார், அறுபதைத் தாண்டினதே இல்ல" என்றார் கடைக்காரர். அறுபதைத் தாண்டாதவருக்கு எதற்கு இத்தனை குதிரை என்று கேட்க நினைத்தேன். வண்டியின் சிவப்பு நிறம் என் வாயை அடைத்துவிட்டது.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். கார் சந்தையில் டயர். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். இந்த வண்டியின் நான்கிலும் 1123, அதாவது 2023-இன் 11-ஆவது வாரத்தில் செய்தது. மீட்டரோ 18,000 கிலோமீட்டர் என்கிறது. அதற்குள் நான்கு டயரும் எப்படி மாறின?

"நின்னு நின்னே தேஞ்சிடுச்சு சார்."

பானட்டைத் தொட்டேன், சுட்டது. ஆறிய இன்ஜின் முதல் ஸ்டார்ட்டில் உண்மையைக் கக்கிவிடும் என்பதால், நான் வருவதற்குள் சூடாக்கி வைத்திருக்கிறார். இன்ஜின் சக்தியைக் கூட்ட சிப் டியூனிங் ஏதாவது செய்திருக்கிறார்களா என்றேன்.

"சிப்ஸா? டீயோட வரும், உட்காருங்க சார்."

சர்வீஸ் புத்தகம் மேடத்திடம் இருக்கிறதாம். மேடம் வெளிநாட்டில் இருக்கிறாராம். நான் இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை. ஆனால் இந்த வாரத்தில் மூன்று முறை போய்விட்டேன்.